திருத்தாமல் ஓட்டிப் பார்க்கவும்

மாலிகாவ் தீவு
நவம்பர் 28

தோத்தோ சாந்தோ,

உயிரோடு இருக்கிறேன். இதை முதலில் எழுதிவிட்டேன், இனிப் பதறாமல் படி.

புயலில் பறந்த பள்ளிக்கூடக் கூரையில் பாதி கடற்கரையில் கிடக்கிறது. மீதிப் பாதியை இன்னும் யாரும் பார்க்கவில்லை. சிக்னல் கோபுரம் முறிந்து தென்னந்தோப்பின் மேல் சாய்ந்திருக்கிறது. மின்சாரம் வர ஆறு மாதம் என்கிறார்கள், அப்படியென்றால் ஒரு வருஷம் என்று வைத்துக்கொள். பள்ளியின் எட்டு டேப்லெட்டும் அலமாரிக்குள்ளேயே கடல்நீர் குடித்துச் செத்தன. பிள்ளைகளின் போன்களில் மூன்று பிழைத்திருக்கின்றன. தீவில் சார்ஜ் போட இருப்பது கோயில் சோலார் பலகை ஒன்றுதான், அதில் மருத்துவச்சியின் ரேடியோவுக்கு முதல் இடம். நாம் பாடம் நடத்தும் செயலியோ இணையம் இல்லாமல் வாயைத் திறக்காது.

ஜூனில் நீ அக்கரை எஸ்தான்சியாவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனபோது வழியனுப்ப நான் வரவில்லை. கோபம். இரண்டு பேருமாகத் தொடங்கின வகுப்பை என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். கம்ப்யூட்டரே இல்லாத தீவில், கையில் இருக்கும் போனிலேயே ஒரு விளையாட்டைச் செய்யச் சொல்லி, அதன் வழியாகப் புரோகிராம் கற்றுக்கொடுக்கலாம் என்று சொன்னவன் நீ. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் தோத்தோ என்று நான் கூப்பிடும் தம்பி நீ, உன்னிடம் எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டும்.

பிப்ரவரி 27 அன்று மதிப்பீடு. நாள் மாறாது என்று கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர் நிவாரண அரிசியை இறக்கிக்கொண்டே சொன்னார். உன் பள்ளியில்தான் நடக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் தன் விளையாட்டைத் தானே அங்கே கொடுக்கும் டேப்லெட்டில் ஏற்றி, ஓட்டிக் காட்ட வேண்டும். பத்துப் பேரில் ஆறு பேர் தேறாவிட்டால் தீவில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பை மூடிவிடுவார்கள். ஊருக்கு வந்து தங்கிப் படிக்க இங்கே எந்த வீட்டுக்கு முடியும் என்று உனக்குத் தெரியும். அத்தோடு இவர்கள் படிப்பு முடிந்தது.

நான் யோசித்தது இது. பிள்ளைகள் புரோகிராமைத் தாளில் எழுதுவார்கள், செயலியில் அடுக்கும் ஒவ்வொரு கட்டளைக் கட்டத்தையும் வரைந்து. செவ்வாயும் வெள்ளியும் நம் நோங் இங்கோ அண்ணனின் படகில், பிஸ்கட் டின்னுக்குள் வரும். நீ உன் போனில் அதை அப்படியே தட்டி, ஓட்டிப் பார்த்து, என்ன நடந்தது என்று எழுதி அனுப்பு. அவர்களுக்கு உன் கடிதம்தான் திரை.

செய்வாயா?

லியோனி


எஸ்தான்சியா
டிசம்பர் 5

மனாங் லியோனி,

உங்கள் கடிதம் வரும்வரை நான் எப்படி இருந்தேன் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அக்காவாகத் திட்டுவீர்கள்.

செய்கிறேன். வழியனுப்ப வராத கோபம் எனக்கும் உண்டு, அதை மதிப்பீட்டுக்குப் பிறகு பேசித் தீர்த்துக்கொள்வோம்.

பத்துத் தாளும் வந்தன. இரண்டில் மை கரைந்திருந்தது, சூரியனுக்கு நேரே பிடித்துப் படித்தேன். பத்தும் ஓடவில்லை. டொனாட்டோவின் சேவல் திரையைவிட்டு வெளியே போய்விட்டது, திரும்பி வரவேயில்லை. மேரி ஆனின் நண்டு நகரவே இல்லை, விரல் பட்டதும் என்ன செய்ய வேண்டும் என்று அவள் அதற்குச் சொல்லவில்லை. ரியாலினின் படகு அலைகளுக்கு நடுவே போகிறது, அழகாகத்தான் போகிறது. ஆனால் படகுக்கு மூன்று உயிர் என்று தொடக்கத்தில் சொல்ல மறந்துவிட்டாள், முதல் அலையிலேயே விளையாட்டு நின்றுவிடுகிறது. மற்றதையெல்லாம் தாளிலேயே சிவப்பில் குறித்திருக்கிறேன். எதையும் விடவில்லை.

கூடவே பத்து டின் மத்தி மீன் வருகிறது. நீங்கள் சாப்பிட. பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவீர்கள் என்று தெரியும், அதனால்தான் பத்து.

சாந்தோ


மாலிகாவ்
டிசம்பர் 12

தோத்தோ,

மத்தி டின் பத்தும் பிள்ளைகள் வீட்டுக்குப் போயின. நீ கெட்டிக்காரன்.

உன் சிவப்பு மைக்கு வருகிறேன். படகு வருகிற நேரத்தில் பத்துப் பேரும் கரையில் நின்றார்கள். நான் டின்னைத் திறந்து உரக்கப் படித்தேன். படிக்கப் படிக்க என் குரல் எனக்கே பிடிக்காமல் போனது. டொனாட்டோ தன் தாளை வாங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"எங்க வீடும் நிக்கல, படகும் ஓடல, இதுவும் ஓடல. விடுங்க மேம்," என்றான்.

மறுநாள் அவன் வரவில்லை. ஜூன்ரேயும் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். ஜூன்ரேயின் அம்மா, "அவன் ஆணி பொறுக்கப் போயிருக்கான் மேம், கூரைக்கு வேணும்ல," என்றாள். திரும்பி வந்துவிட்டேன்.

நீ எழுதினது அத்தனையும் சரி. நாம் சேர்ந்து நடத்தினபோது நீ இப்படித்தான் திருத்துவாய், பிள்ளைகள் சிரித்துக்கொண்டே மறுபடி செய்வார்கள். அப்போது பிழையைத் திருத்தினால் அடுத்த நிமிஷமே ஓடும். இப்போது ஒரு தடவை ஓட்டிப் பார்க்க ஒரு வாரம் ஆகிறது. ஒரு வாரம் காத்திருந்து வாங்குகிற 'இல்லை'யைத் தாங்க இந்தப் பிள்ளைகளிடம் இப்போது எதுவும் மிச்சமில்லை, தோத்தோ. ரியாலினின் அப்பா புயலன்று படகைக் காப்பாற்றப் போனவர், இன்னும் வரவில்லை. அவள் தினமும் முதல் ஆளாக வகுப்புக்கு வருகிறாள். வீட்டில் இருக்க முடியவில்லை அவளுக்கு.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். சிவப்பு மையை ஒளித்துவை. நல்ல வார்த்தை இரண்டு எழுது. ஏதாவது ஓடியது என்று எழுது.

லியோனி


எஸ்தான்சியா
டிசம்பர் 19

மனாங்,

இந்த முறை நான்கு ஓடின. சேவல் ஓடியது, டொனாட்டோவிடம் சொல்லுங்கள். நண்டு ஓடியது. ரியாலினின் படகு ஓடியது. மற்றவையும் கிட்டத்தட்ட.

ரியாலினின் படகில் ஒரு சின்ன விஷயம். வேண்டாம், சின்னதுதான். ஓடியது.

பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லுங்கள். இந்த வருஷம் நான் வீட்டுக்குப் போகவில்லை, பள்ளியில் இன்னும் நாற்பது குடும்பங்கள் தங்கியிருக்கின்றன. என் வகுப்பறையில் ஒரு குழந்தை பிறந்தது.

சாந்தோ


மாலிகாவ்
ஜனவரி 10

தோத்தோ சாந்தோ,

உனக்குப் புண்ணியமாகப் போகும். டொனாட்டோ திரும்பிவிட்டான். ஜூன்ரேயும் வந்துவிட்டான், பையில் ஆணிகளோடு. கூரை இல்லாத வகுப்பறையில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருக்கிறோம். மழை பெய்தால் எழுதின தாள்களைச் சட்டைக்குள் போட்டுக்கொள்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை கரையில் நடக்கிற கூத்தை நீ பார்க்க வேண்டும். நான் பெயரைப் படிப்பேன், 'ஓடியது' என்பதை அவர்கள் எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள். வலை உலர்த்துகிற ஆட்கள்கூடச் சேர்ந்துகொள்கிறார்கள். நோங் இங்கோ, "எனக்கும் ஒண்ணு எழுதச் சொல்லுங்க மேம், என் இன்ஜினும் ஓடணும்," என்கிறார். இரண்டு மாதத்துக்குப் பிறகு இந்தத் தீவில் நாலு பேர் சேர்ந்து சிரித்ததைக் கேட்டேன். அன்று வீட்டுக்குப் போய் அழுதேன், நிம்மதியில்தான்.

ரியாலின் மட்டும் எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறாள். "ஓடுச்சுன்னு எழுதறாரு, எப்படி ஓடுச்சுன்னு எழுத மாட்டேங்கறாரே மேம். உயிர் தீர்ந்ததும் படகு மூழ்குச்சா?" என்று கேட்டாள். "ஓடுச்சுன்னா மூழ்கியிருக்கும், போய் உட்கார்," என்றேன். கேட்டுச் சொல்.

லியோனி


எஸ்தான்சியா
ஜனவரி 23

மனாங்,

பத்தும் ஓடின.

ரியாலின் கேட்டதற்கு: ஒரே நேரத்தில் இரண்டு அலை வந்தால் என்ன ஆகும் என்பதை நேரில் சொல்கிறேன். கடிதத்தில் விளக்குவது கஷ்டம். மற்றபடி மூழ்குகிறது.

மதிப்பீட்டுக்கு முந்தின நாளே எல்லாரையும் கூட்டி வந்துவிடுங்கள். எங்கள் பள்ளி டேப்லெட்டில் தங்கள் தாளை அவர்களே தட்ட வேண்டும். ஒரு நாள் இருந்தால் நான் கூட இருந்து பார்த்துக்கொள்வேன். ஒரு நாள் கட்டாயம் வேண்டும், மனாங். தவறாமல் வந்துவிடுங்கள்.

சாந்தோ


மாலிகாவ்
மார்ச் 3

கிரிசாந்தோ,

இனி உன்னைத் தோத்தோ என்று கூப்பிட எனக்கு வாய் வராது.

இருபத்தாறாம் தேதி கடல் விடவில்லை. இருபத்தேழு காலையில் நனைந்து நடுங்கி வந்து சேர்ந்தோம், நேராக நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நீ என்னைப் பார்த்து வணக்கம்கூடச் சொல்லவில்லை. உன் முகம் சுவர் மாதிரி வெளுத்திருந்தது. கடலுக்குப் பயந்தது நாங்கள், இவன் ஏன் வெளுத்திருக்கிறான் என்று நினைத்தேன்.

பிள்ளைகள் தாங்கள் எழுதின தாளைப் பார்த்து, ஒரு கட்டம் விடாமல் தட்டினார்கள். அதே தாள். நீ 'ஓடியது' என்று எழுதி அனுப்பின அதே தாள். சேவல் திரையைவிட்டுப் போய்விட்டது. நண்டு நகரவில்லை. மேரி ஆன் டேப்லெட்டைக் குலுக்கிப் பார்த்தாள், கெட்டுப்போன கடிகாரத்தைக் குலுக்குவதுபோல. பிறகு என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிவதற்கு அவ்வளவு நேரம் ஆனது.

ரியாலினின் படகு நன்றாகத்தான் போனது. ஒரு உயிர் மிச்சமிருந்தபோது இரண்டு அலை சேர்ந்து வந்தது. உயிர் மைனஸ் ஒன்று ஆனது. படகு நிற்கவில்லை. மைனஸ் இரண்டு, மைனஸ் ஐந்து, மைனஸ் பதினான்கு. மதிப்பீட்டுக்கு வந்த அந்த மனிதர் பொல்லாதவர் இல்லை, விளையாட்டாகத்தான் சொன்னார்: "என்னம்மா, படகுல இருக்கறவங்க எல்லாரும் எப்பவோ செத்துட்டாங்க, படகு மட்டும் போயிட்டே இருக்கே."

அவள் அப்பாவைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும்? அவள் அந்த எண் மேலும் மேலும் குறைவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கையை எடுக்கவே இல்லை. நான்தான் போய் எடுத்தேன்.

மூன்று பேர் தேறினார்கள். வகுப்பு மூடப்படுகிறது.

நீ உன் போனில் எங்கள் பிள்ளைகளின் பிழைகளைத் திருத்தி, திருத்தினதை ஓட்டி, ஓடியது என்று எழுதியிருக்கிறாய். மூன்று மாதம். படகுத்துறையில் டொனாட்டோ உன்னிடம் கேட்டானே, "நாங்க என்ன தப்பு பண்ணோம்னு அதுக்கப்புறம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்ல சார்," என்று, அதற்கு நீ தரையைப் பார்த்தாய். அதற்காவது பதில் எழுது. எனக்கு வேண்டாம், அவனுக்கு எழுது.

லியோனிசா


எஸ்தான்சியா
மார்ச் 9

மனாங் லியோனி,

நீங்கள் வேண்டாமென்றாலும் நான் அப்படித்தான் கூப்பிடுவேன், எனக்கு வேறு அக்கா இல்லை.

டொனாட்டோவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். சேவல் ஏன் போகிறது, எந்தக் கட்டம் தவறு, எல்லாம். மூன்று மாதம் தாமதமாக.

முதலில் ஒரே ஒரு கட்டத்தைத்தான் நகர்த்தினேன். கிட்டத்தட்ட சரியாக இருந்தது, ஒரு கட்டம்தானே, பிள்ளை அதை அடுத்த தடவை தானே கண்டுபிடித்துவிடும் என்று நினைத்தேன். அந்த வாரம் ஓடியது என்று எழுதிவிட்டேன், அடுத்த வாரம் ஓடவில்லை என்று எப்படி எழுதுவது? நீங்கள் கரையில் எல்லாரும் சிரித்ததாக எழுதினீர்கள். அதன் பிறகு என்னால் முடியவில்லை. முந்தின நாள் எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று நம்பியிருந்தேன். ஒரு நாளில். நான் ஒரு வாத்தியார், ஒரு நாளில் அது நடக்காது என்று எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இன்னொரு பொய் ஆகிவிடும், அதனால் சொல்கிறேன். ஏதாவது ஓடியது என்று எழுது என்று கேட்டது நீங்கள். உங்கள் மேல் பழி போடவில்லை. இல்லை, போடுகிறேன். கொஞ்சம் போடுகிறேன். பாதி ராத்திரியில் எழுந்து உங்கள் டிசம்பர் கடிதத்தை எடுத்துப் படிக்கிறேன், அதில் உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் கோபம் வருகிறது, பிறகு அதைவிட அதிகமாக என்மேல் வருகிறது. இப்படியே விடிகிறது.

அலுவலகத்தில் போய் உண்மையைச் சொன்னேன். தப்பு பிள்ளைகளுடையது இல்லை, என்னுடையது, இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். "பட்டியல மேலிடத்துக்கு அனுப்பியாச்சு சார்," என்றார்கள்.

சாந்தோ


மாலிகாவ்
மார்ச் 17

சாந்தோ,

பழியில் பாதியை எடுத்துக்கொள்கிறேன். நான் கேட்டதை நீ செய்தாய். பத்துப் பேருக்கும் வாத்தியார் நான், உன் கடிதத்தை வாங்கி உரக்கப் படிக்க எனக்குப் பிடித்திருந்தது, அதனால் கேள்வி கேட்கவில்லை. கேட்ட ஒருத்தியையும் போய் உட்காரச் சொன்னேன். இதை நான் ஆயுளுக்கும் சுமப்பேன், நீ வந்து இறக்கிவைக்க வேண்டாம்.

பள்ளிக் கதவில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். டொனாட்டோ உன் கடிதத்தைப் படிக்கவில்லை, சித்தப்பாவோடு ஆழ்கடல் படகில் போய்விட்டான். அவன் அம்மா வாங்கி, விறகு அடுப்புக்குப் பக்கத்தில் செருகி வைத்தாள். எடுத்து எரித்தாளா என்று நான் பார்க்கவில்லை. மேரி ஆனுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது, பதினேழு வயது.

ரியாலின் மணிலாவுக்குப் போகிறாள். அவள் அம்மாவுக்குத் தெரிந்த ஒருத்தி ஏதோ வீட்டில் சமையல் வேலை பிடித்துக் கொடுத்திருக்கிறாள். வருகிற செவ்வாய்ப் படகில்.

நேற்று என்னிடம் ஒரு தாளைக் கொண்டு வந்தாள். மூடின வகுப்புக்கு யாரும் வீட்டுப்பாடம் கொண்டு வருவதில்லை. தரையில் உட்கார்ந்து எனக்கு விளையாடிக் காட்டினாள்: உயிருக்கு மூன்று சிப்பி, அலைக்குக் கூழாங்கல். ஒரு கல் வந்தால் ஒரு சிப்பியை எடுப்பாள், எடுத்த பிறகு மிச்சம் சுழியா என்று பார்ப்பாள்.

"ஒரு சிப்பிதான் இருக்கு மேம், ரெண்டு கல்லு வருது. இல்லாத சிப்பியையும் எடுத்துட்டேன். அப்ப மிச்சம் சுழி இல்ல, சுழிக்கும் கீழ. நான் சுழியான்னு மட்டும்தான் கேட்டிருக்கேன், அதான் படகு நிக்கவே இல்ல. சுழியா, இல்ல அதுக்கும் கீழயான்னு கேக்கணும்," என்றாள்.

யாரும் சொல்லித்தரவில்லை அவளுக்கு. நீயும் இல்லை, நானும் இல்லை. கூழாங்கல்லை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் விளையாடியிருக்கிறாள்.

தாள் இதோடு வருகிறது. மேலே அவளே எழுதியிருப்பதைப் பார். அதை மட்டும் செய். செவ்வாய்க்குள் பதில் வர வேண்டும்.

லியோனி


எஸ்தான்சியா
மார்ச் 20

மனாங்,

இந்தக் கடிதத்தை அவளிடமே கொடுத்துவிடுங்கள். மேல்பக்கத்தில் அவள் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன்.

ரியாலின்,

ஓடியது.

'திருத்தாமல் ஓட்டிப் பார்க்கவும்' என்று தாளின் தலைப்பில் எழுதியிருந்தாய். திருத்தவில்லை. நீ ஓரிடத்தில் அலையின் வேகத்துக்கு ஒன்பது என்று எழுதியிருக்கிறாய், எனக்கு ஆறு போதும் என்று தோன்றியது, அதையும் தொடவில்லை. என் பள்ளிப் பெண்ணொருத்தியைக் கூப்பிட்டு, நான் கை வைக்காமல், அவளையே உன் தாளைப் பார்த்துத் தட்டச் சொன்னேன்.

என்ன நடந்தது என்று எழுதுகிறேன். படகு இடமும் வலமும் போனது. முதல் அலையில் உயிர் இரண்டு. அடுத்ததில் ஒன்று. பிறகு இரண்டு அலை ஒன்றாக வரும்வரை காத்திருந்தோம். உயிர் மைனஸ் ஒன்று. படகு நின்றது, சாய்ந்தது, மூழ்கியது. முப்பது தடவை விளையாடினோம், முப்பது தடவையும் மூழ்க வேண்டிய இடத்தில் மூழ்கியது. ஒரு பிழை இருக்கிறது: மூழ்கின பிறகும் அலைச் சத்தம் நிற்கவில்லை. அதை நீயே கண்டுபிடி, உனக்கு முடியும்.

மூன்று மாதமாக நான் எழுதினது பொய். இது பொய் இல்லை. இரண்டுக்கும் என்னிடம் இருப்பது ஒரே வார்த்தைதான். அதை நானே கெடுத்து வைத்திருக்கிறேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. இதை மட்டும் நம்பு.

சாந்தோ சார்


மாலிகாவ்
மார்ச் 24

தோத்தோ,

நேற்று வர வேண்டிய செவ்வாய்ப் படகு காற்றில் பிந்தி இன்று வந்தது. உன் கடிதத்தைக் கொண்டு வந்த படகுதான் அவளைக் கூட்டிக்கொண்டு போகிற படகும். நோங் இங்கோ இறங்கவே இல்லை. "அலை ஏறுது மேம், சீக்கிரம்," என்று டின்னைக் கையில் கொடுத்தார்.

ரியாலின் அதற்குள் முட்டளவு தண்ணீரில் இறங்கிவிட்டாள், தலையில் பை. நான் பாவாடையோடு தண்ணீருக்குள் போய்க் கடிதத்தை நீட்டினேன். ஒரு கையால் பையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பிரித்தாள். முதல் வரியைப் பார்த்தாள், தலையை நிமிர்த்தினாள்.

"கீழ படி, இன்னும் இருக்கு," என்றேன்.

"பரவாயில்ல மேம்."

"படி டீ. எப்படி ஓடுச்சுன்னு எழுதியிருக்கார்."

நோங் இங்கோ இன்ஜினைப் போட்டுவிட்டார். அதற்குமேல் நான் கத்தினது அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவள் கோபப்படவில்லை, சாந்தோ. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். என்னைத் தேற்றுகிறவள்போலச் சிரித்தாள், கடிதத்தை மடித்தாள், நனையாமல் இருக்க என் சட்டைப் பைக்குள் தானே செருகினாள்.

"இதத்தானே மேம் அவர் எப்பவும் எழுதுவாரு," என்றாள். படகில் ஏறிக்கொண்டாள்.

லியோனி